வளர்ப்பு மீனும் கிருமிநாசினியும்: இலைச்சாறு எவ்வளவு தூரம் காக்கும்?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலையின் நூறு வருட வரலாற்றைப் பேச இந்த மண்டபத்தில் எம்மிலும் தகுதியானவர்கள் இருக்கின்றார்கள். விழாக்குழுவினர் எங்கள் மூவரையும் அழைத்தபோது, "நீங்கள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள், தீவக மக்களுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார்கள். ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இன்று மூன்று வேறு தொழில்களில் இருக்கின்றோம். ஒருவர் உயிரியல் கற்பிக்கிறார். ஒருவர் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் வேலணையில் தோட்டம் செய்து, வீட்டுக் கோடியில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா மீன் வளர்ப்பவர். அந்தத் தொட்டியில் ஒரு நாள் நடந்ததும், அதற்குப் பிறகு நாங்கள் தேடிப் படித்ததுமே இன்றைய உரை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம். விடியற்காலை தொட்டியடிக்குப் போனபோது பாதிக்கு மேற்பட்ட மீன்கள் மிதந்தன. உயிரோடு இருந்தவற்றில் சில வட்டமடித்தன, சில பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்றே முதலில் நினைத்தோம். பாசி பிடித்த தொட்டியில் விடியற்காலையில் ஒட்சிசன் குறைவது வழமை. ஆனால் அப்படிக் குறைந்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். நீர்ப்பூச்சிகள் பெரும்பாலும் தப்பிவிடும். எமது தொட்டியிலோ சிறிய மீன்கள்தான் கூடுதலாகச் செத்திருந்தன. நீர்வண்டுகளும் நுளம்புக் கூத்தன்களும் கூட அசைவற்றுக் கிடந்தன. பூச்சியும் மீனும் சேர்ந்து சாகின்ற இடத்தில் கிருமிநாசினியைச் சந்தேகிக்க வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய முதலாவது அடையாளம் இது.

எமது தொட்டிக்குத் தண்ணீர் வருவது ஒரு பங்குக் கிணற்றில் இருந்து. முறை வைத்து இறைக்கின்ற கிணறு. முதல் நாள் பின்னேரம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வெங்காயத்துக்கு மருந்து அடித்துவிட்டு, தெளிகருவியையும் வெறும் போத்தலையும் வாய்க்கால் தலைப்பில் வைத்துக் கழுவியிருக்கிறார். தண்ணீர் உள்ள இடம் அதுதான். இருட்டியபின் எமது முறை வந்தது. நாங்கள் யாரையும் கேட்காமல் இயந்திரத்தைப் போட்டு, அதே வாய்க்காலால் தொட்டிக்குத் தண்ணீர் திருப்பினோம். வாய்க்காலில் தேங்கி நின்றதெல்லாம் தொட்டிக்குள் போயிற்று.

அந்த அக்காவும் இந்தப் பாடசாலையில் படித்தவர். எமக்கு ஐந்து வகுப்பு மேலே. கணவர் இல்லை. அந்த வெங்காயத்தில்தான் இரண்டு பிள்ளைகளின் படிப்பு. செய்தி அறிந்து ஓடி வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்று அழுதார். நாங்களும் பிழை விட்டவர்கள்தான் என்பதை அவரிடம் சொல்ல எமக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் நாங்கள் அவரோடு கதைக்கவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி, ஒரு போத்தல் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டி மீனைக் கொல்லுமா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். கணக்குப் பார்த்தோம். எமது தொட்டி நீளம் 4 மீற்றர், அகலம் 2 மீற்றர், தண்ணீர் ஆழம் 1 மீற்றர். அப்படியானால் 8,000 லீற்றர். கடையில் விற்கும் மருந்துகளில் டெல்டாமெத்திரின் 2.5 வீதம் உள்ள ஒன்றை உதாரணமாக எடுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றரில், 0.125 கிராம் நஞ்சு உண்டு. அதை 8,000 லீற்றரில் கலந்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 15 மைக்கிரோகிராம் வரும். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இந்த மருந்து லீற்றருக்கு ஒன்றில் இருந்து பதினைந்து மைக்கிரோகிராம் வரையில் இருந்தாலே பல மீன் இனங்களில் பாதி மீன்கள் நாலு நாளுக்குள் இறந்துவிடுகின்றன. ஒரு தேக்கரண்டி போதும்.

இந்த வகை மருந்துகளுக்குப் பைரித்திரொயிட்டுகள் என்று பெயர். பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. மனித உடலில் இவை ஓரளவு விரைவாக உடைக்கப்பட்டு வெளியேறுகின்றன. மீனிடம் அந்த வசதி மிகக் குறைவு. அதோடு மீனின் பூ, சந்தையில் சிவப்பாக இருக்கிறதா என்று நாம் தூக்கிப் பார்க்கிற அதே பூ, தண்ணீரில் கரைந்திருப்பதை எல்லாம் நேரே இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும். டயசினன் போன்ற ஓகனோபொசுபரசு மருந்துகள் வேறு வழியில் வேலை செய்பவை. நரம்பில் இருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசற்றைல்கோலின் என்ற பொருளை வேலை முடிந்ததும் உடைத்து அகற்ற ஒரு நொதியம் இருக்கிறது. அந்த நொதியத்தை இவை முடக்கிவிடும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். தசை இழுத்து இழுத்து, மூச்சு முட்டிச் சாகும்.

இங்கே தோட்டம் செய்பவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. போத்தலின் அடியில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைப் பட்டி மனிதருக்கு உள்ள ஆபத்தைக் காட்டுவது. நீலப் பட்டியோ பச்சைப் பட்டியோ இருந்தால் மீனுக்கும் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சில போத்தல்களின் சுட்டியில் சின்னதாக ஒரு மீன் படம் போட்டிருக்கும். நீர்நிலைக்குள் விடாதே என்பதே அதன் பொருள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த நாள் முதல் இந்த நாட்டில் மருந்துகள் பதிவு செய்யப்பட்டுத்தான் விற்கப்படுகின்றன. மனிதர்களைக் கொன்றதற்காகப் பல மருந்துகள் தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. அது மீனுக்கும் மிகக் கொடிய நஞ்சு. அதன் இடத்துக்கு வந்தவற்றில் மனிதருக்கு ஆபத்துக் குறைந்தவை பல உண்டு. மீனுக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது.

இனி இலைச்சாற்றுக்கு வருவோம். மீன் செத்த பிறகு நாங்கள் மூவரும் தேடித் தேடி வாசித்தோம். மீனின் தீனியில் ஏதாவது கலந்து கொடுத்து அதைக் காப்பாற்ற முடியாதா என்பதே எமது கேள்வி. அப்படி ஒரு ஆராய்ச்சித் துறையே இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். திலாப்பியா வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் எகிப்து நாட்டில்தான் இந்த ஆய்வுகள் அதிகம் நடக்கின்றன. நைல் நதிக் கரையில் வயலும் மீன் குளமும் அருகருகே இருப்பதால் அவர்களுக்கும் இதே தலையிடிதான். டெல்டாமெத்திரின் கலந்த நீரில் வளர்ந்த திலாப்பியாவுக்குத் தீனியோடு ஸ்பைருலினா என்ற நுண்பாசியைக் கொடுத்தபோது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்படும் பாதிப்புக் குறைந்ததென 2015இல் அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2017இல் டயசினனுக்கும் அதேபோன்ற முடிவு வந்தது. எங்களை நிமிர்ந்து இருக்க வைத்தது 2019இல் வெளிவந்த இன்னொரு கட்டுரை. பெண்டிமெத்தலின் என்ற களைநாசினியால் திலாப்பியாவுக்கு ஏற்பட்ட பாதிப்பை முருங்கை இலைச்சாறு குறைத்தது என்று அதில் இருந்தது. பெண்டிமெத்தலின் பல நாடுகளில் வெங்காயச் செய்கைக்குப் பயன்படுவது. முருங்கையோ எங்கள் வேலிதோறும் நிற்பது. மருந்தை நாங்கள் வேலியிலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறோம் என்று சந்தோசப்பட்டோம்.

இந்தச் சாறுகள் என்ன செய்கின்றன என்பதை எளிமையாகச் சொல்கிறோம். நஞ்சு உடலுக்குள் போனதும் ஈரல் அதை உடைக்கப் பாடுபடும். அந்த வேலையில் கலங்களைச் சுட்டுத் தின்னும் சில துணைப்பொருட்கள் உண்டாகின்றன. இரும்பு துருப்பிடிப்பது போன்ற ஒட்சியேற்றம் உடலுக்குள் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தடுக்க உடலிடமே கற்றலேசு, குளுதாதயோன் போன்ற காவலாளிகள் உண்டு. நஞ்சு கூடினால் காவலாளிகள் களைத்துவிடுவார்கள். முருங்கை இலை, மஞ்சள், உள்ளி போன்றவற்றில் உள்ள ஒட்சியேற்ற எதிர்ப்பொருட்கள் அந்தக் காவலாளிகளுக்குத் துணையாக நிற்கின்றன. ஈரல் கலங்கள் உடைந்தால் இரத்தத்துக்குள் ஒழுகும் சில நொதியங்களை அளந்தே ஆய்வாளர்கள் பாதிப்பைக் கணிக்கிறார்கள். மஞ்சள்காமாலைக்கு ஈரலைப் பற்றி யோசித்துக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்த எங்கள் அம்மம்மாமாருக்கு இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல.

நாங்களும் செய்து பார்த்தோம். முருங்கை இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, அரித்து, தவிட்டோடும் எள்ளுப் பிண்ணாக்கோடும் கருவாட்டுத் தூளோடும் குழைத்து உருண்டையாகப் போட்டோம். ஆசை மிகுதியால் முதலில் கூடுதலாகப் போட்டுவிட்டோம். மீன் வாயில் எடுத்து வெளியே துப்பியது. பிறகுதான் வாசித்தோம்: முருங்கை இலையில் சப்போனின், தனின் போன்றவையும் உண்டு. ஜேர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான ஆய்வின்படி, திலாப்பியாவின் தீனியில் உள்ள புரதத்தில் பத்து வீதம் வரைதான் முருங்கை இலையால் ஈடுசெய்யலாம். அதற்கு மேல் போனால் வளர்ச்சி குறைகிறது. அளவைக் குறைத்தோம். மீன் தின்றது. அடுத்த அறுவடை வரையும் ஒரு சேதமும் இல்லை.

அயலட்டத்தில் எல்லோரும், "முருங்கை இலை மீனைக் காப்பாற்றிவிட்டது" என்று சொல்லத் தொடங்கினார்கள். எங்களில் கற்பிப்பவர்தான் அதை மறித்தார். பக்கத்தில் முருங்கை போடாத இன்னொரு தொட்டி இருந்ததா? இல்லை. அந்தக் காலத்தில் தொட்டிக்குள் மருந்து வந்ததா? வரவில்லை. அப்படியானால் முருங்கை காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாத சோதனை சோதனையே அல்ல என்பதை இந்தப் பாடசாலை ஆய்வுகூடத்தில்தான் எமக்குச் சொல்லித் தந்தார்கள். ஐம்பது வயது தாண்டியபின் அதை நாங்களே மறந்துவிட்டிருந்தோம்.

அதன்பின் அந்தக் கட்டுரைகளைத் திரும்பவும் எடுத்து மெதுவாக வாசித்தோம். முதல் வாசிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் போன மூன்று விடயங்கள் இருந்தன.

முதலாவது, அந்த ஆய்வுகளில் மீனுக்குக் கொடுக்கப்பட்டது மீனைக் கொல்லாத சிறிய அளவு நஞ்சு. பெரும்பாலும் பாதி மீனைக் கொல்லும் அளவின் பத்தில் ஒரு பங்கு போன்றது. நாள்தோறும் சிறிது சிறிதாக உடலை அரிக்கும் பாதிப்பைத்தான் சாறு குறைக்கிறது. ஒரே இரவில் தொட்டிக்குள் வந்து விழும் ஒரு தேக்கரண்டி மருந்துக்கு முன்னால் எந்த இலைச்சாறும் நிற்காது. அன்று எமது தொட்டி மீன்கள் ஒரு மாதமாக முருங்கை தின்றிருந்தாலும் செத்திருக்கும்.

இரண்டாவது, சாறு நஞ்சைத் தண்ணீரில் இருந்து அகற்றுவதில்லை. மீனின் ஈரலைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இது எங்களை அன்றைய நாளுக்குத் திரும்பக் கொண்டுபோயிற்று. பாதி மீன் செத்தபின் மிச்சம் பாதி இரண்டு நாளில் தெளிந்து நீந்தத் தொடங்கியது. வீட்டில் இருந்த அம்மா, "உயிரோடதானே துள்ளுது, கறிக்கு ஆகாதோ?" என்று கேட்டார். வாங்கவும் ஆட்கள் வந்தார்கள். செலவழித்த காசில் கொஞ்சமாவது கைக்கு வரும். நாங்கள் கொடுக்கவில்லை. செத்ததை நாயும் காகமும் எடுக்காதபடி ஆழக் கிடங்கு வெட்டித் தாட்டோம். தப்பியதை விற்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை. அன்று அதைச் செய்தது பயத்தில். இன்று அதற்குக் காரணம் சொல்லத் தெரியும். மருந்தின் எச்சம் மீனின் கொழுப்பிலும் ஈரலிலும் தங்கக் கூடியது. சாறு கொடுத்து மீனைத் தென்பாக வைத்திருந்தால், நஞ்சு பட்ட மீன் நல்ல மீனின் தோற்றத்தோடு சந்தைக்குப் போய்விடும். அதை வாங்கிப் பிள்ளைக்குக் கறி வைப்பவள் அந்தத் தொட்டிக்குள் என்ன நடந்தது என்று அறியமாட்டாள். மீன் பிழைத்தால் போதும் என்று நினைக்கும் எவரும் அந்தத் தாயை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இலை என்றால் பத்திரமானது என்ற எண்ணம். இது நம்மிடம் ஊறிப்போனது. ஆனால் மீனைக் கொல்லவும் மனிதர் பயிரைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். முழுகுவதற்கு நாம் தேய்க்கும் இலுப்பைப் பிண்ணாக்கை இந்தியாவில் குளத்துக் கழிவு மீன்களைக் கொல்லப் போடுகிறார்கள். அதில் உள்ள சப்போனின் மீனின் பூவைத் தாக்கும். எண்ணெய் முழுக்குத் தண்ணீரை மீன் உள்ள கேணிக்குள் விடாதே என்று எங்களில் ஒருவரின் ஆச்சி சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறது. டெரிஸ் என்ற கொடியின் வேரில் உள்ள ரொட்டினோன் உலகம் எங்கும் மீன் நஞ்சு. வேம்பு பூச்சிக்கு நல்ல மருந்து, ஆனால் அதன் சாறும் அளவு கூடினால் மீனைக் கொல்லும். "இயற்கை மருந்துதானே" என்று வேப்பஞ்சாற்றுத் தாங்கியை வாய்க்காலில் கழுவினாலும் பிழை பிழைதான்.

இவ்வளவும் ஏன் தீவகத்தில் இன்னும் முக்கியம் என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றிலும் துரவிலும் மொள்ளுகிறோம். குடிப்பதும் அதுதான், தோட்டத்துக்கு இறைப்பதும் அதுதான், மீன் தொட்டிக்கு விடுவதும் அதுதான். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் துளையும் அதிகம். மேலே ஊற்றுவது கீழே போக நெடுநாள் எடுக்காது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நல்ல தண்ணீருக்குப் படும் பாடு இங்கு வந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் எதிராக நுளம்புக் கூத்தனைத் தின்னச் சிறிய மீன்களைக் கிணறுகளில் விடும் வழக்கமும் வடக்கில் உண்டு. அந்த மீன் ஒரு நாள் காரணமின்றிச் செத்து மிதந்தால் அது உங்கள் குடிநீரைப் பற்றி ஏதோ சொல்கிறது. எடுத்து எறிந்துவிட்டுப் போகாமல் அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்காதிருங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

மீன் தொட்டியோடும் இது நிற்பதில்லை. தோட்டத்தில் கழுவப்பட்டது மாரி வெள்ளத்தோடு களப்புக்குப் போகும். அங்கே நண்டும் இறாலும் இருக்கின்றன. இவை பூச்சிகளின் உறவினம். அதனால் பூச்சிமருந்துக்கு மீனிலும் பார்க்க மென்மையானவை. இப்போது எமது கரைகளில் நண்டு கொழுக்க வைப்போர், கடலட்டைப் பண்ணை வைத்திருப்போர், கடற்பாசி கட்டுவோர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் கணிசமானோர். கடலுக்குள் உள்ள கூட்டுக்குத் தீனியில் சாறு கலந்து கொடுத்துக் காப்பது நடக்கிற காரியம் அல்ல. தரையில் மறித்தால்தான் உண்டு.

அதற்காக, மருந்தே அடிக்காதீர்கள் என்று தோட்டக்காரரைப் பார்த்துச் சொல்ல நாங்கள் வரவில்லை. 2021இல் இரசாயனப் பசளையும் பீடைகொல்லியும் திடீரென நிறுத்தப்பட்டபோது எங்கள் தோட்டங்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவர்கள் நாங்கள். அந்த அக்காவின் வெங்காயம் அழிந்தால் அவருடைய பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும். அவருடைய வெங்காயமும் வாழ வேண்டும், எமது மீனும் வாழ வேண்டும். இரண்டும் ஒரே கிணற்றைக் குடிக்கின்றன.

கதைக்கத் தொடங்கிய பிறகு நாங்களும் அந்த அக்காவும் சேர்ந்து செய்ததைச் சொல்கிறோம். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, எவரும் செய்யலாம்.

கிணற்றில் இருந்தும் வாய்க்காலில் இருந்தும் தூரத்தில், பயிர் இல்லாத ஒரு மூலையைத் தெளிகருவி கழுவும் இடமாக ஒதுக்கினோம். அங்கே வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவுவது. போத்தலை மருந்து கலக்கும்போதே மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடுவது. அப்போது வீசுவதற்கு மிச்சம் ஒன்றும் இராது, மருந்துக்குக் கொடுத்த காசும் வீணாகாது.

மருந்து அடிக்கும் நாளை முதல் நாளே சொல்லிவிடுவது. கிணற்றடியில் ஒரு கொப்பி கட்டித் தொங்கவிட்டோம். நாள், மருந்தின் பெயர், அடித்தவர் கையொப்பம். அந்தக் கொப்பியைப் பார்க்காமல் நாங்கள் தொட்டிக்குத் தண்ணீர் திருப்புவதில்லை. சோளகம் பலமாக வீசும் நாளில் அடிப்பதில்லை.

தொட்டிக்கு வாய்க்கால் தண்ணீரை நிறுத்தி, கிணற்றில் இருந்து நேரே ஒரு குழாய் போட்டோம். தொட்டியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டினோம், மாரி வெள்ளம் உள்ளே வராதபடி. மேலே வலை.

முருங்கை இலைத் தூளை இப்போதும் சிறிய அளவில் தீனியில் சேர்க்கிறோம். நல்ல சத்து, செலவு இல்லை, ஈரலுக்கும் துணை. அதற்கு அந்த அளவு மரியாதைதான். வரம்பும் கொப்பியும் செய்கிற வேலையை அதனிடம் நாங்கள் எதிர்பார்ப்பதில்லை.

இனி இந்தச் சபையிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டின் நினைவாகப் பாடசாலைக்குப் பல நல்ல காரியங்கள் செய்யத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அவற்றோடு, உயிரியல் ஆய்வுகூடத்துக்கு நாலு கண்ணாடித் தொட்டிகளும், நீரின் ஒட்சிசனையும் அமிலத்தன்மையையும் அளக்கும் கருவிகளும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் இரண்டு தொட்டிக்கு முருங்கை கலந்த தீனியும் இரண்டு தொட்டிக்குச் சாதாரணத் தீனியும் போட்டு, நிறுத்து, எழுதி, ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நாங்கள் விட்ட பிழையை அவர்கள் விடமாட்டார்கள். மீனுக்கு நஞ்சு கொடுத்துப் பார்க்கும் சோதனை பாடசாலைக்கு வேண்டாம். அது பல்கலைக்கழகத்தின் வேலை. தீவகத்து முருங்கை, தீவகத்துத் தண்ணீர், இங்கே உண்மையில் அடிக்கப்படும் மருந்து ஆகியவற்றை வைத்து அந்த ஆய்வைச் செய்ய எமது பிள்ளைகளில் ஒருத்தி ஒரு நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போவாள் என்று நம்புகிறோம். எகிப்து மீனுக்குச் சரியாக வந்தது வேலணை மீனுக்கும் சரியா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் பிரான்சில் இருந்தும் வந்திருக்கும் அக்காமாருக்கு இன்னொரு சொல். ஊருக்கு உதவி செய்ய நினைத்து உறவுக்காரருக்கு மீன் தொட்டி கட்டப் பலர் பணம் அனுப்புகிறீர்கள். மிகவும் நல்ல காரியம். தொட்டிக்கு அனுப்பும்போது வரம்புக்கும் தனிக் குழாய்க்கும் சேர்த்து அனுப்புங்கள். பக்கத்துத் தோட்டம் யாருடையது, அவர்களோடு கதை பேச்சு உண்டா என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையில் வரும் அக்கா இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே இதைச் சொன்னோம். பெயரைச் சொல்லவில்லை. "சொல்லுங்கோ, நாலு பேருக்குப் பயன்படட்டும். ஆனா நீங்கள் கேக்காமல் தண்ணி திருப்பினதையும் சொல்லுங்கோ" என்றார். சொல்லிவிட்டோம், அக்கா. கிணற்றடிக் கொப்பி இப்போது மூன்றாவது கொப்பி. முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்துத்தான் இருக்கிறது.

 எம்மை வளர்த்த பாடசாலை இன்னும் பல நூறு ஆண்டு வாழ்க.